நாற்காலியில் உட்காராத பெற்றோர்

அரசுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் அறையிலும் பக்கத்து வகுப்புகளிலும் இருக்கிற நாற்காலிகளையெல்லாம் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருப்போம். முன்வரிசை கடைசிவரை நிரம்பாது. நூறு நாள் வேலைக்கு நடுவில் சொல்லிவிட்டு ஓடிவரும் அம்மாக்கள் வாசலிலேயே நின்றுகொள்வார்கள். “உள்ள வாங்கம்மா, உட்காருங்க” என்றால், “இருக்கட்டும் சார், பரவால்ல” என்று தூணோடு ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அதே ஊரிலிருந்து பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் ஒருவர் அங்கே நடக்கும் கூட்டத்துக்குப் போனால், காலை நீட்டி உட்கார்ந்து, கணக்கில் ஏன் இரண்டு மதிப்பெண் குறைந்தது என்று விளக்கம் கேட்பார்.

பணிக்காலம் முழுவதையும் அரசுப் பள்ளிகளிலேயே கழித்தவன் நான். இந்த இரண்டு விதமான உட்காருதலையும் குணம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ‘இவங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல சார்’ என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும். அக்கறை இல்லாதவர் அரைநாள் கூலியைப் பணயம் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்திருக்க மாட்டார். தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் நிற்க வைத்தே பேசிப் பழக்கப்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடமும் இன்னொரு ஆபீஸ்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அவருடைய சகா பாஸ்ரோனும் 1964இல் ‘வாரிசுகள்’ என்ற நூலை வெளியிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பேச்சு, பழக்கம், புத்தகப் பரிச்சயம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். கல்வி நிலையம் அதையே இயல்பான திறமை என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடுகிறது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அவர்கள் ஆராய்ந்தது பிரெஞ்சுப் பல்கலைக்கழக மாணவர்களை. நம் ஊர்க் கூட்டத்தில் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, மாணவர்களைப் பற்றிச் சொன்னது பெற்றோருக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் சமுதாயத்தை மாற்றும் என்று மேடையில் சொல்கிறோம். சமுதாயமோ தினமும் காலை ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குள்ளேயே வந்துவிடுகிறது. சோற்றுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியின் தலைவராக பிட்டி தியாகராயர் இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க முடிவானது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. காமராஜர் காலத்தில் 1956இல் அது மாநிலத் திட்டமாக விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் வந்தது. பசியால் பள்ளிக்கு வராமல் போன பல தலைமுறைகளை உள்ளே கொண்டுவந்தது இந்தச் சோறுதான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் பல கிராமங்களில் இன்றைக்கும் பள்ளி வராண்டா ஒன்றுதான்.

அந்தப் பந்திக்கும் ஊர் தேடிவந்தது. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சமைப்பவர் தலித் பெண் என்பதால் சில பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, உடன் படித்த மாணவர்கள் சாதி வெறியில் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிறு எந்த நிறமென்றால் எந்தச் சாதி என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கு அத்துப்படி. அதை அவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை.

ஊர் உள்ளே வருவதில் நல்ல பக்கமும் உண்டு. பல கிராமப் பள்ளிகள் ஊரார் கொடுத்த நிலத்தில் நிற்கின்றன. 1950களின் கடைசியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று மக்கள் தங்களால் முடிந்ததைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இன்றும் சில ஊர்களில் ‘கல்விச் சீர்’ என்று மேளதாளத்தோடு ஊர்வலம் வருகிறது. தாய்மாமன் சீர் மாதிரியே தாம்பாளங்களில் பழம், நோட்டு, பேனா. பின்னாலேயே டாட்டா ஏஸில் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம். ஆசிரியர்கள் வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். பார்க்க மனம் நிறையும்.

அந்த ஊர்வலத்தின் முன்னால் நடப்பவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அன்று பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் தன் பிள்ளையையும் அதே பள்ளிக்கு அனுப்பினார். தனிப் பானையும் தனி வரிசையும் இருந்த கொடுமையான காலம் அது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச நான் தயாராக இல்லை. ஆனாலும் வாத்தியார் வரவில்லையென்றால் ஊர்ப்பெரியவரின் பேரனுக்கும் பாடம் நடக்காது. அதனால் அவர் கேட்பார். அவர் கேட்டால் மறுவாரம் வாத்தியார் வந்துவிடுவார்.

இப்போது காலை ஏழரைக்கெல்லாம் மஞ்சள் வேன் வந்துவிடுகிறது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, வங்கி ஊழியர் வீட்டுப் பிள்ளை, எங்களைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளை என்று எல்லாரையும் தனியார் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அவரவர் பிள்ளைக்கு நல்லதென்று நினைத்ததை அவரவர் செய்கிறார்கள். தனித்தனியாக யாரையும் குறை சொல்வதற்கில்லை. மொத்தமாகப் பார்த்தால், ஆபீசுக்குப் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசிடம் சம்பளம் வாங்குபவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. கலெக்டரின் பிள்ளை உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு உடைந்து கிடக்காது என்பதுதான் அதற்குள் இருந்த எண்ணம். உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை.

மிச்சம் இருப்பது வாசலில் நிற்கும் அம்மாக்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்களுக்குத்தான் இடம் கொடுத்தது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கும் கிடைக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. நடப்பது வேறு. பல இடங்களில் தீர்மானம் முன்கூட்டியே நோட்டில் எழுதப்பட்டிருக்கும். ‘இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா’ என்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு கூட்டம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. தீர்மானத்தை வாசித்து முடித்து நோட்டை மூடப் போன நேரம், பின்னாலிருந்து ஓர் அம்மா, “சார், பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ் சாவி யாருகிட்ட இருக்கு?” என்றார். டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசுத்தம் பண்ணிவிடுகிறார்கள் என்று பூட்டி, சாவியை அலுவலக ஆணியில் மாட்டியிருந்தோம். போய்க் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். “அனுப்புற பாட்டில் தண்ணி அப்படியே திரும்பி வருது சார், அதான் கேட்டேன்” என்றார் அந்த அம்மா. அந்தக் கழிப்பறை பயன்பாட்டில் இருப்பதாகவே படிவத்தில் எழுதியிருந்தோம். பார்வைக்கு வந்த அதிகாரியும் டிக் போட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் பூட்டு எடுக்கப்பட்டது. சுத்தம் செய்ய ஆள் போடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாக்களில் சிலர் தாங்களாகவே உட்கார்ந்தார்கள்.

வசதியும் பேச்சுப் பழக்கமும் உள்ளவர்களுக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்கள் இந்த அம்மாக்களுக்குத் தெரியும். அதைக் கேட்கும் காது பள்ளிக்கு வேண்டும். பள்ளிக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவைச் சீர் ஊர்வலமும் ஆண்டு விழா மேடையும் மட்டும் காட்டிவிடாது. வாசலில் நிற்பவர் வாயைத் திறக்க முடிகிறதா என்பதுதான் அதற்கு உரைகல்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து வாங்காதீர்கள்; கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரமாகப் பார்த்துக் கூட்டத்தை வையுங்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் வேனில் போகிறவர்களாக இருக்கலாம். அவர்களை இறக்கிவிடச் சொல்லவில்லை. நீங்கள் படித்த அரசுப் பள்ளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அங்கே குழுக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஒருமுறை போங்கள். அறிவுரை சொல்லவோ நன்கொடை அறிவிக்கவோ வேண்டாம். பின்வரிசையில் உட்காருங்கள். ஓர் அம்மா பேச எழுந்தால், அவர் முடிக்கும்வரை குறுக்கே யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.