குச்சியின் வேலை

தீபாவளி ராக்கெட்டில் மருந்துக்குக் கிடைக்கிற மரியாதை குச்சிக்குக் கிடைப்பதில்லை. பாட்டிலில் நிறுத்தி வைக்கத்தான் குச்சி என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். என் தங்கை பேரனும் அந்தக் கட்சிதான். "தாத்தா, பாட்டிலுக்குப் பதிலா ஒரு ஸ்டாண்டு செஞ்சிட்டா குச்சியே வேண்டாம்ல?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் பேப்பரைப் படித்திருக்கலாம். மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் அவன் பேப்பரை மடித்து வைத்துவிடுவான்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்: குச்சியின் கனம் வாலைக் கீழே இழுத்துப் பிடிப்பதால்தான் வாணம் நேராகப் போகிறது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராபர்ட் கொடார்டே ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். 1926 மார்ச் 16ஆம் தேதி அமெரிக்காவில் ஆபர்ன் என்ற ஊரில், அத்தைமுறை உறவினர் ஒருவரின் பண்ணையில் அவர் விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் உச்சியில் இருந்தது, எரிபொருள் தொட்டிகள் அதற்குக் கீழே. மேலிருந்து இழுத்தால் கீழே தொங்குவது தானாக நேராகும் என்ற எண்ணம். அது 41 அடி ஏறி, 184 அடி தள்ளி விழுந்தது. மொத்தம் இரண்டரை விநாடி. பிறகு எஞ்சினை அடிப்பக்கம் கொண்டுபோய்விட்டார். உடம்பு சாய்ந்தால் அதோடு சேர்ந்து எஞ்சினும் சாய்கிறது. சாய்ந்த பக்கமே இழுக்கிறது. அப்புறம் யார் நிமிர்த்துவது?

நிமிர்த்துவது காற்று. பறக்கிற பொருள் தன் கனத்தின் நடுப்புள்ளியைச் சுற்றித்தான் புரளும். காற்று தள்ளுகிற தள்ளல் எல்லாம் சேர்ந்து விழுகிற இடம் என்று இன்னொரு புள்ளி உண்டு. அந்த இரண்டாவது புள்ளி பின்னால் இருந்தால் மூக்கு நேரே நிற்கும், முன்னால் வந்துவிட்டால் வாணம் வெறிபிடித்துத் தெருவெல்லாம் ஓடும். குச்சியைக் கட்டும்போது இரண்டு புள்ளியும் பின்னுக்குப் போகின்றன. ஆனால் காற்றுப் புள்ளி அதிகம் போகிறது. குச்சியின் வேலை இவ்வளவுதான். இந்தக் காற்றுப் புள்ளியைப் பேப்பரும் பேனாவுமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிற எளிய முறையை ஜேம்ஸ் பாரோமன் என்பவர் மாடல் ராக்கெட் பிரியர்களுக்குக் கொடுத்தது 1966இல்தான்.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கை அதற்கு முன்பே ஒருவர் விரலால் போட்டுக்கொண்டிருந்தார்.

பங்குனிப் பொங்கலுக்கு மம்சாபுரத்துக்கு வாணம் விட வருவார் ஒரு பெரியவர். அவரை எல்லோரும் வாணக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பேர் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. மதியமே வந்து வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். குழாய்கள் ஒரு பக்கம், சீவின மூங்கில் குச்சிகள் ஒரு பக்கம், நடுவில் மைதாப் பசை. பசையில் மயில்துத்தம் கலந்திருப்பதால் அது பச்சை ஓடிக் கிடக்கும். "பூச்சி அரிக்காது, நக்கிப் பார்த்திராதீக" என்று முதலிலேயே எங்களை எச்சரித்துவிடுவார். குச்சியைக் குழாயில் கட்டியதும் உடனே கீழே வைக்க மாட்டார். ஆள்காட்டி விரலைக் குறுக்கே நீட்டி அதன்மேல் வாணத்தைப் படுக்க வைப்பார். குழாய் முடிகிற இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி அது துலாக்கோலாக நிற்க வேண்டும். குழாய்ப் பக்கம் சாய்ந்தால் குச்சி பத்தாது, அதை ஒதுக்கிவிட்டு நீளக் குச்சியாகத் தேடுவார். குச்சிப் பக்கம் சாய்ந்தால் நுனியிலிருந்து அரை விரல் நறுக்குவார். மறுபடி விரல். ஒரு குச்சி ஈரமாக இருந்தால் முகர்ந்தே சொல்லிவிடுவார். இத்தனைக்கும் வாயில் வெற்றிலை இருக்கும், பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ நடந்துகொண்டிருக்கும்.

எங்களுக்கு அவர் கொடுக்கிற வேலை ஒன்று உண்டு. இருட்டுவதற்கு முன் வைக்கோல் படப்புகளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் காற்று போகிற பக்கத்துப் படப்புகளைத்தான் நனைக்கப் போவார்கள். பொறி காற்றோடுதானே போகும்? அவர் மட்டும், "அங்கன இல்ல, காத்து வர்ற பக்கம் தெளிங்கடா. வாணம் காத்தை முட்டித்தான் ஏறும்" என்பார். பெரியவர்கள் சிரிப்பார்கள். இரவில் குச்சிகள் அவர் சொன்ன பக்கம்தான் விழும். அதையும் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் மறுபடி சிரிப்பார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

குச்சிக்கு உலக வரலாற்றில் நல்ல இடம் உண்டு. 1780இல் காஞ்சிபுரத்துப் பக்கம் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் வெள்ளைக்காரப் படையைச் சிதறடித்தபோது பறந்தவை இரும்புக் குழாய் வாணங்கள். அந்த மைசூர் வாணங்களில் இரண்டு லண்டனில் வூல்விச் அருங்காட்சியகத்தில் இருந்ததை ரோத்தம் நரசிம்மா என்ற விஞ்ஞானி அளவோடு எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் 20 செ.மீ. குழாய்க்கு 1.9 மீட்டர் மூங்கில். இன்னொன்றில் 25 செ.மீ. குழாயைத் தோல்வாரால் ஒரு வாளில் கட்டியிருக்கிறார்கள். குச்சிக்குப் பதில் வாள்! வால் வேலையும் பார்க்கும், விழுகிற இடத்தில் வெட்டவும் செய்யும். இதை யோசித்தவன் எங்கள் வாணக்காரரின் முப்பாட்டனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

மைசூர் வாணங்களால் சூடுபட்ட இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் லண்டன் கடைகளில் கிடைத்த பெரிய வாணங்களை வாங்கி விட்டுப் பார்த்தார். 500, 600 கஜத்தைத் தாண்டவில்லை. மைசூர்க்காரர்களுடையது அதைப்போல் இரண்டு பங்கு போகும். காகிதத்தைவிட இரும்பு அதிக அழுத்தம் தாங்கும் என்பதுதான் ரகசியம். அவரும் இரும்புக்கு மாறினார், அப்புறம் பெரிசாக்கத் தொடங்கினார். வாணம் பெரிசாகப் பெரிசாகக் குச்சியும் பெரிசாகி, அவருடைய 32 பவுண்டு வாணத்துக்குக் குச்சி மட்டும் 15 அடி! அதைத் துண்டு துண்டாகச் சுமந்து போய்ப் போர்முனையில் பூட்ட வேண்டியிருந்தது. 1844இல் வில்லியம் ஹேல் வாணத்தைச் சுழலவிட்டுக் குச்சியையே ஒழித்தார்.

பெரிய வாணம் ஒன்று கட்ட ஆசைப்பட்ட பேரனுக்கு, பெரிசாக்குவது எவ்வளவு வம்பு என்று விளக்க உட்கார்ந்தேன். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் காகிதத்தின் பரப்பு நான்கு மடங்கு, கனம் எட்டு மடங்கு. அமெரிக்காவில் மாடல் ராக்கெட் மோட்டார்களை ஏ, பி, சி, டி என்று கடையில் விற்கிறார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்ற வாணப்பித்தர் 1954இல் தொடங்கி வைத்த விளையாட்டு அது. ஓர் எழுத்துத் தாண்டினால் சக்தி இரட்டிப்பு. ஆக, எட்டு மடங்கு கனத்தைத் தூக்க ஏயிலிருந்து டிக்குப் போக வேண்டும். இங்கே ஒரு மணி நேர பஸ் பயணத்தில் சிவகாசி இருக்கிறது. ஆனால் பையன்கள் வாங்க ஒரு ஏ மோட்டார் கிடையாது. உரிமம் இல்லாமல் வீட்டில் மருந்து இடிப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் உலை. சிவகாசிப் பக்கத்துச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்து கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

மருந்துக்குப் பதில் தண்ணீர். இரண்டு லிட்டர் கோலா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாயை வால்வு செருகின கார்க்கால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் அதுவும் வாணம்தான். பாட்டில் விட்டம் ஏறக்குறைய 11 செ.மீ.; தீபாவளி ராக்கெட்டைப்போல் நாலு மடங்குக்கு மேலே. சரி, சிவகாசி ராக்கெட்டையே நாலு மடங்காக்குவோம் என்று முடிவானது. மூக்குக்கு ராஜபாளையத்திலிருந்து மில் பேப்பர் கோன் ஒன்று வந்தது. நூல் சுற்றுகிற கோன். அதன் சாய்வுக் கோணம் கலெக்டர் கையெழுத்து மாதிரி மாறாது. அடிவாய் சின்னதாக இருந்ததால் சார்ட் பேப்பரில் ஒரு பாவாடை கட்டி பாட்டிலோடு சேர்த்தோம். மைதாப் பசை, மயில்துத்தத்தோடு. சுற்றிலும் சிவப்புக் காகிதம், அதன்மேல் அவன் வரைந்த ஒரு கிளி.

குச்சிதான் தகராறு. ஒரு முழக் குச்சிக்கு நாலு மடங்கு என்றால் ஆறடி. மூங்கிலையே நாலு மடங்கு தடிப்பாக்கிப் போட்டால் கனம் அறுபத்து நாலு மடங்கு. பாட்டில் 50 கிராம், குச்சி 300 கிராம்! கண்மாய்க் கரை நாணலில் முற்றிக் காய்ந்த ஒன்றை வெட்டி வந்து, விரலை நீட்டி நிறுத்திப் பார்த்து நறுக்கினேன். "என்ன தாத்தா பண்றீங்க?" என்றான். "பாரோமன் கணக்குடா" என்றேன்.

தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் இந்தப் பெரிசாக்கும் வேலையைப் பல வருஷம் பொறுமையாகச் செய்தார்கள். 1967இல் விட்ட ஆர்ஹெச்-75 ராக்கெட்டின் பெயரில் இருக்கிற எண் அதன் விட்டம், மில்லிமீட்டரில். இப்போது நாங்கள் கட்டியது அதைவிடக் குண்டு. பேரன் இதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். அப்புறம் 200, 560 என்று ஏறினார்கள். ஆர்ஹெச்-200 தொடர்ந்து 200 தடவை பழுதில்லாமல் பறந்து முடித்தது 2022 நவம்பரில். பெரிசாக்குவதில் அவசரப்படாதவர்கள்.

ஆடி மாதம். கண்மாய் வறண்டு கிடந்தது. செண்பகத்தோப்பு மலைப்பக்கமிருந்து மேல்காற்று தூக்கியடித்தது. பிவிசி குழாய் ஒன்றை மண்ணில் அறைந்து, அதற்குள் குச்சியை இறக்கி, பாட்டில் வாயைக் கார்க்கில் பொருத்தினோம். பஞ்சர் கடையிலிருந்து இரவல் வாங்கிய மீட்டர் பம்பில் 60 பவுண்டுக்கு மேல் அடிப்பதில்லை என்று ஒப்பந்தம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். பையன்கள் பூராவும் கிழக்கே ஓடிப்போய் நின்றார்கள், காற்று அங்கே தள்ளிக்கொண்டு வரும், பிடித்துவிடலாம் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மேற்கே போட்டு உட்கார்ந்தேன்.

கயிற்றை இழுத்ததும் தண்ணீர் ஒரே சீற்றலில் தீர்ந்தது. பம்ப் அடித்தவன் சட்டை பூராவும் சேறு. வாணம் பனை உயரம் தாண்டி, மூக்கைத் திருப்பி, மலையைப் பார்த்துப் போனது. வாலைக் காற்று கிழக்கே தள்ளியதும் மூக்கு மேற்கே திரும்பியாக வேண்டும், வேறு வழி கிடையாது. எனக்கு இருபது எட்டுத் தள்ளி நாணல் முறிந்து விழுந்தது. பையன்கள் அவ்வளவு தூரமும் திரும்பி ஓடிவந்து, நான் ஏதோ மந்திரம் போட்டேன் என்கிற மாதிரி பார்த்தார்கள். வாணக்காரர் பேரைச் சொல்லலாம் என்று பார்த்தால் பேர் தெரியாது.

இப்போது பேரன் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டுகிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். கோலா பாட்டில் உள்ளே இருக்கிற கேஸின் அழுத்தத்தைத் தாங்கவென்றே செய்தது, அடியில் ஐந்து பாதம் வைத்து. கேன் வெறும் தண்ணீரைச் சுமக்கச் செய்தது. அதே கனத்துச் சுவரில் விட்டம் இரண்டு மடங்கானால் சுவர் தாங்க வேண்டிய இழுப்பும் இரண்டு மடங்கு. 60 பவுண்டில் அது வாணமாக ஏறாது, குண்டாக வெடிக்கும். வேண்டுமானால் இரண்டு கோலா பாட்டிலை நீளவாக்கில் சேர்க்கலாம், விட்டம் ஏறாது என்றேன். "அப்ப குச்சி எத்தனை அடி தாத்தா?" என்றான். கட்டின பிறகு விரலில் வைத்துத்தான் சொல்ல முடியும்.