டீகோடரைத் திட்டுவதற்கு முன்...

நெல்லை ஜங்ஷனில் மைக்கில் அறிவிப்பு வந்தால் பிளாட்பாரத்தில் நிற்கிற எல்லோர் காதிலும்தான் விழும். ஆனால் திருச்செந்தூர் வண்டிக்குக் காத்திருப்பவர் மட்டும்தான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார். மாடல் ரயில்களில் இருக்கும் டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாடும் கிட்டத்தட்ட இதேதான்!

பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் கூட்டினால் அதன் மேல் நிற்கும் எல்லா இஞ்சினும் சேர்ந்து ஓடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். "3-ம் எண் இஞ்சினே, வேகத்தைக் கூட்டு" என்ற உத்தரவும் அதே மின்சாரத்தோடு கலந்து போகும். இஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற குட்டி சர்க்யூட் போர்டு, தன் எண் வந்தால் மட்டும் மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980-களின் கடைசியில் உருவாக்கிய முறை இது. 1990-களில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால்தான் ஒரு கம்பெனி டீகோடர் இன்னொரு கம்பெனி கண்ட்ரோலரோடு ஒத்துப்போகிறது.

'நம்ம ஊரில் இதெல்லாம் யார் செய்கிறார்கள்?' என்று கேட்கலாம். புனேயில் 1998 முதல் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகமே இருக்கிறது. நம் பக்கத்தில் செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 2018-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டுவிட்டது. இனி அங்கே மீட்டர் கேஜ் வண்டி மலையேறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது மேஜை மேல் கட்டினால்தான் உண்டு!

சரி, விஷயத்துக்கு வருவோம். கட்டியாகிவிட்டது, இஞ்சின் நின்றுவிட்டது. உடனே வரும் முதல் தீர்ப்பு: "டீகோடர் போச்சு!" டவுனில் ரதவீதியைச் சுற்றி வந்து வாங்கிவிடுகிற பொருளா அது? வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையும் ஆயிரக்கணக்கில். ஆகவே செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

1. தூசி

அதே இடத்தில் வேறு இஞ்சினை வைத்துப் பாருங்கள். அதுவும் திக்கினால் குற்றவாளி தண்டவாளம். அது நன்றாக ஓடினால், நின்ற இஞ்சினை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஓடுகிறதா? அப்படியென்றால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தொடர்பு சரியில்லை.

மாடல் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வரால் ஆனது. பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி கிடையாது. பாதிக்கு மேல் தாமிரம். பெயரிலேயே தாமிரம் வைத்திருக்கும் ஆற்றங்கரைக்காரர்களுக்குப் பொருத்தம்தான் :-) ஆனால் ஆடிக் காற்று அடிக்கும்போது வீட்டுக்குள் வரும் புழுதி இதற்கு ஆகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் தங்கும்.

2. எண்கள்

டீகோடருக்குள் சிவி எனப்படும் அமைப்பு எண்கள் இருக்கின்றன. மோட்டார் தேவலை, அமைப்புதான் தப்பு என்ற கேஸ்கள் நிறைய.

விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை என்றால் சிவி 19-ஐப் பாருங்கள். இரண்டு மூன்று இஞ்சின்களைச் சேர்த்து ஓட்டுவதற்கான எண் அது. என்றோ சேர்த்து ஓட்டிவிட்டு அழிக்க மறந்திருந்தால், இஞ்சின் தன் சொந்த எண்ணுக்கு வந்த வேக உத்தரவைக் கண்டுகொள்ளாது. அங்கே 0 எழுதினால் சரியாகிவிடும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட முன்விளக்கு விட்டு விட்டு எரிந்தால் சிவி 29-ஐப் பாருங்கள். கண்ட்ரோலர் 28 படி வேகத்தில் பேச, டீகோடர் 14 படி என்று புரிந்துகொள்கிறது.

எதுவும் பிடிபடவில்லை என்றால், பல டீகோடர்களில் சிவி 8-ல் 8 என்று எழுதினால் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அப்புறம் கூப்பிட வேண்டிய எண் 3. இதை மறந்து பழைய எண்ணிலேயே கூப்பிட்டுவிட்டு "செத்துப்போச்சு" என்று சொல்லக்கூடாது!

இன்னொன்று. புரோகிராம் செய்யும் தண்டவாளத்தில் டீகோடர் பதில் சொல்வது மோட்டாருக்கு ஒரு நொடிப்பொழுது மின்சாரம் கொடுத்துத்தான். மோட்டார் ஒயர் விட்டுப்போயிருந்தால் டீகோடர் உயிரோடு இருந்தும் பதில் வராது.

3. ஒயர்கள்

சிவப்பு, கறுப்பு தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது. 8 முள் பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் வண்டி ஓடும், விளக்கு மட்டும் எரியாது.

டீகோடரைக் கழற்றி, அதற்கான டம்மி பிளக்கைப் போட்டு சாதாரண டிசியில் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லையா? கோளாறு மோட்டாரிலோ கியரிலோ ஒயரிலோ. ஓடினால், டம்மி பிளக்கை எடுத்துவிட்டு, மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இருக்கவே கூடாது. இருந்தால் தண்டவாள மின்சாரம் நேராக டீகோடரின் மோட்டார் பக்கம் ஏறி அதை எரித்துவிடும். மீட்டர் இல்லாதவர்கள் மொபைல் சர்வீஸ் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை.

கருகிய வாடை, சில்லின் மேல் கொப்புளம், பழுப்புக் கறை... இவை இருந்தால் டீகோடர் போனது போனதுதான். ஆனால் ஏன் போனது என்று தெரியாமல் புதுசு போட்டால் அதே காரணத்தால் அதுவும் எரியும். நஷ்டம் இரட்டிப்பு!

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இருப்பாய்வு இடித்தால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். கூட்டல் சரியாகிவிடும், தப்பு அங்கேயேதான் இருக்கும். மாடல் ரயிலில் டீகோடர்தான் அந்த அனாமத்துக் கணக்கு. திறந்து பார்க்க முடியாத பொருள் என்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில். ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிப் போய்த் தேடினால், பல நேரம் அந்தக் கணக்கு ஒரு துணியும் ரெண்டு சொட்டு ஆல்கஹாலும் கொண்டே தீர்ந்துவிடும்.