கணினி மந்தமா, மொழிமாற்றச் சுமையா?

கைப்பேசிச் செயலி உருவாக்கும் ஜொகூர் மாணவர்களைப் பொறுமையிழக்க வைப்பது எமுலேட்டர். மடிக்கணினிக்குள் ஆண்ட்ராய்டு கைப்பேசியாக நடிக்கும் மென்பொருள் அது. கைப்பேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம் சில்லு. நம் மடிக்கணினிகள் பலவற்றில் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. இரண்டின் கட்டளைமொழியும் வேறு. ஒவ்வொரு கட்டளையையும் மாற்றி மாற்றி ஓட்டினால் எமுலேட்டர் தவழத்தான் செய்யும்.

தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நமக்கு இது புரியும். ஆசிரியர் மலாயில் கேட்டதைத் தமிழில் எண்ணி, விடையை மலாயில் மாற்றிக் கை தூக்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். விடை தெரியும், ஆனாலும் ‘மந்தம்’ என்ற பெயர் வந்து சேரும்.

கணினிக்கு இதற்கு மருந்து உண்டு. மடிக்கணினிச் சில்லுக்கென்றே அமைந்த ஆண்ட்ராய்டு படிமத்தைத் தேர்ந்து, சில்லிலுள்ள மெய்நிகராக்க வசதியையும் முடுக்கிவிட்டால் கட்டளைகள் நேரடியாக ஓடும். ஆனால், பொருத்தம் பார்க்க வேண்டும். இன்டெலின் ஹேக்ஸம் முடுக்கி ஏ.எம்.டி. கணினிகளில் இயங்கவில்லை, விண்டோசின் ஹைப்பர்-வியோடும் மோதியது. 2018இல் கூகள் இரண்டுக்கும் மாற்றுவழி தந்தது. 2023இல் ஹேக்ஸமை இன்டெலே கைவிட்டது. பழைய பாடக்குறிப்பைப் பார்த்து இன்றும் அதைத் தேடுவது வீண்.

ஆகவே தம்பி தங்கைகளே, கல்விக் கடன் பணத்தில் புதுக் கணினி வாங்கும் முன் பயோஸைத் திறந்து, அந்த வசதி முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நினைவகம் போதாவிட்டால் சொந்தக் கைப்பேசியையே கம்பியில் இணைத்துச் சோதியுங்கள். காரணம் தெரியாமல் கணினியையும், மனிதரையும் மந்தமென்று ஒதுக்காதீர்கள்.