அப்பாவின் கண்டென்ஸர்

"தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்குப்பா" என்றான் மகன். மூன்று மாதம் ராக்கண் விழித்து நான் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பற்றித்தான்! 1950-களில் வந்த ஃபெண்டர் சாம்ப்பின் சர்க்யூட். 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று. மொத்தமே ஐந்து வாட். முதல் ஐந்து நிமிஷம் கிதார் குழையும். சூடேறினதும் கரகரவென்று கத்தும்.

ஸ்பீக்கரை மாற்றினேன். வால்வுகளை மாற்றினேன். "உங்களை மாத்திப் பாக்கலாமா?" என்றாள் மனைவி.

கடைசியில் மீட்டர். (இடது கை சட்டைப் பையில். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல். அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்ஸர் ஞாபகமாக வைத்திருந்து அடிக்கும்.) 6வி6-இன் கிரிட்டில் பூஜ்யம் இருக்கணும். காட்டியது எட்டு வோல்ட். உள்ளே தகடு லேசாகச் சிவந்திருந்தது. விட்டிருந்தால் வால்வே போயிருக்கும்.

முன் வால்வின் டி.சி.யைத் தடுத்து, பாட்டை மட்டும் அனுப்ப வேண்டிய 0.02 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் ஒழுகுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பழைய ரேடியோவிலிருந்து. மெழுகுக் காகித ரகம். தாத்தா பெட்டியின் ஒரு துண்டாவது பேரன் கையில் பாடட்டுமே என்று நானே வைத்தது. ரிச்சி தெருவில் புதுசு சில ரூபாய்தான்.

சால்டரிங் அயர்ன் காய்ந்துகொண்டிருந்தது. கை போகவில்லை.

"ரேடியோ கரகரத்தா தாத்தா என்னப்பா செய்வாரு?"

"மண்டைல ஓங்கி ஒண்ணு போடுவார்."

சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டேன். பாலியெஸ்டர் போட்டதும் கிரிட்டில் பூஜ்யம். ஒரு மணி நேரம் வாசித்தான். லேசாக ஹம் இருக்கிறது. அதை அடுத்த ஞாயிறு பார்க்கணும்.