பத்து அழகு

நன்னூல், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இலக்கண நூல். அதன் பொதுப்பாயிரத்தில், ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்று இரண்டு பட்டியல்கள் அடுத்தடுத்து வருகின்றன. பள்ளிக்கூடத்தில் இவற்றை உருப்போட்டு ஒப்பித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம். எழுத்தோடு நெடுநாள் பழகிய பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தால், அந்த அழகுப் பட்டியல் ஆச்சரியப்படுத்துகிறது. சுருக்கமாகச் சொல்ல வேண்டும். விளங்கும்படி சொல்ல வேண்டும். செய்திகளை முறையாக வரிசைப்படுத்த வேண்டும். பொருத்தமான உதாரணம் காட்ட வேண்டும். உலக நடப்புக்கு மாறாகப் பேசக் கூடாது. ஆழம் இருக்க வேண்டும், படித்தவருக்கு உயர்ந்த பயன் கிடைக்க வேண்டும், படிக்கவும் இனிக்க வேண்டும். நல்ல சொல்லும் ஓசையும் பட்டியலில் உண்டு. ஆனால் பத்தில் அவை இரண்டுதான்.

குற்றங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறையாகச் சொல்வது, தேவைக்கு மேல் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, குழப்புவது, எடுத்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகச் சுரத்து குறைவது. இவை ஒவ்வொன்றாலும் அவதிப்படுவது யார்? படிப்பவர்தான். பவணந்தியார் பாடம் சொல்வது எழுதுபவருக்கு என்றாலும், அவர் நிற்பது படிப்பவரின் பக்கத்தில். எழுத்தின் அழகை எதிரில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதையாக அவர் கண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். எழுத்துக்கு மட்டும் உரிய செய்தியாகவும் எனக்கு இது தோன்றவில்லை. அன்றாட வாழ்க்கையில் எதையெல்லாம் அழகு என்று மனம் தயங்காமல் ஒப்புக்கொள்கிறதோ, அதிலெல்லாம் இந்த மரியாதையைப் பார்க்க முடிகிறது.

நான் வழக்கமாக மருந்து வாங்கும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெண் வேலை பார்க்கிறார். சாயங்காலம் கூட்டம் நெரியும். அந்த நெரிசலிலும் அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, கவரின் மேல் எழுதித் தருவதை நின்று பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்'. பெரிய எழுத்து, நீல மை, ஒரு சொல்கூட அதிகம் இல்லை. ஒருநாள் ஒரு மூதாட்டி வந்தார். "எழுத்து எனக்குத் தெரியாதே தாயி" என்றார். உடனே அந்தப் பெண் கவரில் ஒரு சூரியனை வரைந்து அதன் கீழே ஒரு கோடு போட்டார். இன்னொரு கவரில் பிறை நிலா வரைந்து இரண்டு கோடு. "சூரியன் போட்டது காலையில, பாட்டி. நிலா போட்டது ராத்திரி, சாப்பிட்டுட்டு. கோடு எத்தனையோ அத்தனை மாத்திரை." மூதாட்டி கவர்களைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு, சொன்னதைத் திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னார். சுருக்கம், தெளிவு, வரிசை, பயன் என்று நன்னூல் கேட்பதெல்லாம் அந்த இரண்டு கவர்களில் இருந்தன. அதுவும் எழுத்துதான். மிக அழகான எழுத்து என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி கோலம். அதைப் பார்க்காமல் அழகைப் பற்றி நம் ஊரில் பேச முடியாது. எங்கள் தெருவில் ஒரு அம்மாள் விடிவதற்கு முன்பே வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே சீராக இறங்கும். சிக்குக் கோலம் என்றால் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் வளைத்துக்கொண்டு போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு வளைவு தப்பினால் முழுக் கோலமும் சிக்கிக்கொள்ளும். அவர் கை தயங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் என் மனத்தில் நிற்பது அந்தத் திறமையைவிட வேறொன்று. அந்த வீட்டு வாசலில் காலையில் பால்காரர் வருவார், பையன் பைக்கை எடுப்பான். அவர்கள் போக ஒரு வழி விட்டு, கேட்டின் ஒரு பக்கமாகத் தள்ளித்தான் புள்ளியே வைப்பார். விசேஷ நாட்களில் கல்மாவைத் தவிர்த்துப் பச்சரிசி மாவில் போடுவார். "எறும்பு, குருவி தின்னட்டுமே" என்பார். கோலத்தின் கணக்கு எவ்வளவு கறாராக இருக்கிறதோ, அவ்வளவு அக்கறையும் அந்த வாசலில் இருக்கிறது.

கறாரான கணக்கு என்று சொல்வது மிகை இல்லை. கணினி மொழிகளை விவரிக்க உதவும் முறையான இலக்கண விதிகள் கோலத்துக்கும் பொருந்துமா என்று தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் ஆராய்ந்தார்கள். அவர்கள் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை உலகக் கணினி அறிஞர்களின் கவனத்துக்கு நம் வாசல் கோலத்தைக் கொண்டுசென்றது. சில விதிகளை மீண்டும் மீண்டும் செயல்படுத்தி, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலத்தை வளர்த்துக்கொண்டே போகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாட்டியிடமும் அம்மாவிடமும் பார்த்துப் பழகிய கை, இலக்கணம் அறிந்த கைதான். விதி இருந்தால் அழகு செத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். மார்கழி மாதத்தில் ஏதாவது ஒரு தெருவில் விடியற்காலை நடந்து பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். ஒரே புள்ளிக் கணக்கில் வீட்டுக்கு ஒரு கோலம் இருக்கும்.

படிப்பவர் மேல் உள்ள மரியாதை நம் எழுத்தின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எகரம், ஏகாரம் வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, செய்யுளும் உரையும் தொடர்ந்தே ஓடும். குருவிடம் பாடம் கேட்டவருக்குத்தான் சுவடி வசப்படும். 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது, பாடம் கேட்க வாய்ப்பில்லாதவர்களும் தனியே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். அவர்களை எண்ணி உழைத்தவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879). உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாகப் பயன்படுத்திய முன்னோடி அவர். பிள்ளைகளுக்கென்று படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதினார். கால்புள்ளியை இன்று யாரும் அழகு என்று நினைப்பதில்லை. ஆனால் மூச்சு விடும் இடம் இது என்று படிப்பவருக்குக் காட்டும் அந்தச் சின்னக் குறி இல்லாமல் உரைநடைக்கு நடையே ஏது?

உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளிலும் இதே அக்கறை தெரியும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அவர், 1894இல் புறநானூற்றைக் கொண்டுவந்தார். பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் தேர்ந்தெடுப்பதோடு அவர் நிற்கவில்லை. நூலாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி, குறிப்புரை என்று வாசகர் தடுக்கி விழக்கூடிய இடங்களிலெல்லாம் கைகொடுத்தார். இரண்டாயிரம் வருடத்துப் பாட்டை நாம் இன்று வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிவது அப்படித்தான்.

அப்படியானால் எளிமைதான் அழகா, அலங்காரமே கூடாதா என்ற கேள்வி வரும். தமிழ் மரபு அவ்வளவு குறுகலாக நினைக்கவில்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியல் வனப்பு எட்டு என்கிறது. சில மென்மையான சொற்களால் சில அடிகளில் முடிவது ஒரு வனப்பு. உயர்ந்த பொருளை இனிய சொற்களாலோ விரிந்து பரந்த நடையிலோ சொல்வது இன்னொரு வனப்பு. எல்லோருக்கும் தெரிந்த பேச்சிலேயே, தேடித் துருவாமல் பொருள் விளங்க வைப்பதும் வனப்பு. முன்பு இல்லாத புதுமையைச் செய்வதும் வனப்பு. கம்பர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இராமகாதையைப் பாடினார். கதையின் அளவும் கேட்கும் சபையின் ஆசையும் அந்தப் பெருக்கைத் தாங்கின. அந்தப் பெருக்கை ஒரு துக்க வீட்டில் பேசினால் தாங்காது. எது பொருந்தும் என்பதை எழுதுபவரின் ஆசை தீர்மானிக்கக் கூடாது. சொல்லும் பொருளும் கேட்பவரின் நிலையும்தான் தீர்மானிக்க வேண்டும்.

எளிய நடையின் உச்சத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைத்தான் சொல்வேன். தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னை. குடத்தையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள், அவர்கள் நடுவே சினிமா ஆசையில் வாழ்க்கை நொடித்துப்போன ஜமுனா, அவள் தங்கை சாயா. எவ்வளவோ கண்ணீரும் ஆவேசமும் காட்டக்கூடிய கதை அது. அவர் குரலை உயர்த்துவதே இல்லை. யாருக்காகவும் நம்மை அழச் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். வாசகர் தாமே உணர்ந்துகொள்வார் என்ற நம்பிக்கை அந்த நடையில் இருக்கிறது. ஒருவரை நம்புவதைவிடப் பெரிய மரியாதை ஏது?

அழகெல்லாம் வசதி உள்ளவர்களின் கவலை, வயிறு நிறைந்த பிறகு வரும் பேச்சு என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓட்டுவீட்டு மண்தரையைச் சாணம் மெழுகி ஓரத்தில் செம்மண் பூசும் கை, தள்ளுவண்டியில் தக்காளியைக் கனிந்தது தனி, காய் தனி என்று அடுக்கும் கை, மல்லிகை மொட்டுகளை எதிரும் புதிருமாக வைத்து வாழைநாரில் நெருக்கிக் கட்டும் கை, இவையெல்லாம் வசதி உள்ளவர்களின் கைகள் இல்லை. பூக்காரம்மா முழம் போடும்போது கவனியுங்கள். நெருக்கமாகக் கட்டிய சரத்துக்கு மொட்டு அதிகம் பிடிக்கும், அவருக்கு லாபம் குறையும். தளர்த்திக் கட்டினாலும் விற்கத்தான் செய்யும். ஆனாலும் நெருக்கிக் கட்டுகிற பூக்காரம்மாக்கள் இருக்கிறார்கள். வாங்கிப் போகிறவள் தலையில் சாயங்காலம் வரை உதிராமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அழகு அந்த நினைப்பில் தொடங்குகிறது.

என் அப்பா இறந்தபோது பல இரங்கல் செய்திகள் வந்தன. பெரும்பாலானவை எங்கோ படித்த தத்துவ வரிகள். அனுப்பியவர்களின் அன்பில் குறையில்லை, ஆனால் அந்தச் செய்திகள் எதையும் அம்மா இரண்டாம் முறை படிக்கவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் மட்டும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் சம்பளப் பட்டியல் தயாரிக்க அப்பா தனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதியிருந்தார். தன் மகள் கல்யாணத்தில் அப்பா இலை போட்டுப் பந்தி பரிமாறியதை எழுதியிருந்தார். அதற்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். இறப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், வங்கிப் பாஸ்புக், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். கடைசியில், "நீங்கள் தனியாகப் போக வேண்டாம் அண்ணி, தேதி சொன்னால் நான் வருகிறேன்" என்று ஒரு வரி. அந்தக் கடிதத்தில் ஒரு உவமை கிடையாது. அம்மா அதைப் பீரோவில் வைத்திருக்கிறார். நான் படித்த மிக அழகான கடிதங்களில் அது ஒன்று.

நாம் எல்லோரும் தினமும் ஏதோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை, பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு, அடுக்குமாடி வீட்டாருக்கு ஒரு அறிவிப்பு, ஊரில் இருக்கும் அத்தைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி. இவற்றை அழகாக எழுதக் கவிஞராக வேண்டியதில்லை. அனுப்புவதற்கு முன் ஒருமுறை, வாங்கப்போகிறவரின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அவருக்கு எது தேவையில்லையோ அதை எடுத்துவிடுங்கள். எது புரியாதோ அதை விளக்குங்கள். எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். பவணந்தியார் நம்மிடம் கேட்பது இவ்வளவுதான். இதை எழுத்தில் பழகிவிட்டால் பேச்சிலும், பரிமாறுவதிலும், கடை நடத்துவதிலும் அது தானே வந்துவிடும்.