மூடாத கதவு

பிரான்சிலிருந்து மகளும் மருமகனும் பேரனும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு பெரிய வேன் உண்டு. பட்டனை அழுத்தினால் பக்கத்துக் கதவு தானாக நகர்ந்து திறக்கும், தானாக மூடிக்கொள்ளும். ஒன்பது வயசுப் பேரனுக்கு அது ஒரு வேடிக்கை. வந்த அன்றே இருபது தடவையாவது திறந்து மூடியிருப்பான்.

நான்காம் நாள் கதவு மூட மறுத்துவிட்டது. முக்கால்வாசி வேகமாக வரும், கடைசியில் ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது 'பீப் பீப்' என்று கத்திவிட்டுத் திரும்பத் திறந்துகொள்ளும். எனக்குக் கோபம் வந்தது. "எல்லாம் நீ நோண்டினதுதான்" என்று எல்லார் எதிரிலும் பேரனைக் கடிந்துகொண்டேன். அவனுக்குத் தமிழ் பேச வராதே தவிர நன்றாகவே புரியும். முகம் சுருங்கிப்போய் மாடிக்குப் போனவன், இரவு சாப்பாட்டுக்கும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் விட்டு மறுநாள் காரைக்காலில் கல்யாணம். கடலூர், சிதம்பரம் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். வில்லியனூரிலிருந்து அக்காவைக் கூட்டிப் போக வேண்டும். எண்பத்திரண்டு வயசு, முட்டி மடங்காது, அந்தக் கதவோரச் சீட்டில்தான் காலை நீட்டி உட்கார முடியும். அரைகுறையாக மாட்டிய கதவில் அவர் சாய்ந்துகொண்டு வருவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. மருமகன் ஒரு பட்டறையில் காட்டினார். கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "மோட்டார் போயிடுச்சி சார். வரவழைக்க ஒரு வாரம் ஆவும்" என்றார்களாம்.

நான் மெக்கானிக் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளின குமாஸ்தா. ஆனால் ஒரு கோப்பு நகரவில்லையென்றால் அது எந்த மேஜையில் நிற்கிறது என்று முதலில் பார்க்கணும் என்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியாரும் தெகார்த் 1637-இல் எழுதியதைச் சொல்லித் தலையில் குட்டுவார்: பெரிய சிக்கலா, எத்தனை துண்டாக உடைக்க முடியுமோ அத்தனை துண்டாக உடை.

"மாப்பிள்ளை, கரண்ட் வேலையை நிறுத்திட்டுக் கையால மூடிப் பார்ப்போம்" என்றேன். டாஷ்போர்டில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. அதை அணைத்துவிட்டுத் தள்ளினார். அப்போதும் அதே விரல் இடைவெளி! மோட்டார் சும்மா இருக்கும்போதும் கதவு நிற்கிறதென்றால், குற்றவாளி மோட்டார் இல்லை. குழந்தையின் கையோ காலோ நசுங்கக் கூடாதென்று, எதிலாவது இடித்தால் பின்வாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அடுத்தது பூட்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பின்விளிம்பில் இருக்கும் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளினார். 'டக்' என்று பாதி, இன்னொரு 'டக்' என்று முழுசும் விழுந்தது. கைப்பிடியை இழுத்ததும் விட்டது. (இதைச் செய்து பார்ப்பவர்கள் கொக்கியை மறுபடி விடுவித்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும், இல்லாவிட்டால் புது வம்பு.) பூட்டும் நல்ல பூட்டு. சுற்றியுள்ள ரப்பர் பட்டையும் எங்கும் மடங்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், இடைவெளி கதவின் முன்பக்கத்தில்தான் அதிகம். இந்தக் கதவு மேலே, நடுவே, கீழே என்று மூன்று தண்டவாளத்தில் சக்கரம் வைத்து ஓடுகிறது. நேராக ஓடி, மூடும் இடத்தில் மட்டும் தண்டவாளம் உள்பக்கமாக வளையும். அந்த வளைவில் சக்கரம் திரும்பினால்தான் கதவு உள்ளே அழுந்தும். கீழ்த் தண்டவாளம் ஏறும் படியை ஒட்டியே இருக்கிறது. டார்ச் அடித்தால் கறுப்புக் கிரீஸும் மண்ணும்தான் தெரிந்தது. வேனின் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், உள்ளே விரல் இருக்கும்போது யாரும் பட்டனைத் தொடக் கூடாது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி வளைவுக்குள் விட்டேன். மெத்தென்று எதிலோ முட்டியது. மருமகன் குறடால் பிடித்து இழுத்தார்.

என் கைத்தடியின் அடி ரப்பர்.

இரண்டு நாளாக அது இல்லாமல் தடி 'டொக் டொக்'கென்று தரையில் இடித்துக்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது விழுந்துவிட்டதென்று நினைத்திருந்தேன். வேனில் ஏறும்போது தடியை அந்தப் பள்ளத்தில் ஊன்றியிருக்கிறேன், அது கழன்று உள்ளேயே தங்கிவிட்டது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ரப்பரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். அறுபது வருஷத்துப் பழைய பிரெஞ்சை எடுத்து, "சே மா ஃபோத்" என்றேன், தப்பு என்னுடையது என்று. பேரன் ரப்பரைப் பார்த்தான், என் தடியைப் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழே வந்து பட்டனை அவனையே அழுத்தச் சொன்னோம். கதவு ஓடிவந்து, 'டக்'கென்று பிடித்து, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

காரைக்கால் போகும் வழியெல்லாம் அக்காவுக்கு இந்தக் கதையை அவன் பிரெஞ்சிலேயே சொல்லிக்கொண்டு வந்தான். அக்காவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் என் தடியைக் காட்டிக் காட்டி இருவரும் சிரித்தார்கள்.