கல்வாழையும் கொஞ்சம் பொட்டாஷும்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. செடி வளர்க்கிறவங்க படிக்கலாம். வீட்டுல கிட்னி பிரச்சினை உள்ளவங்க இருந்தா கட்டாயம் படிங்க.

சேலத்துல என் கிளினிக் வாசல்ல ஒரு பெரிய தொட்டி இருக்கு. வர்றவங்க எல்லாம் "வாழையைப் போய் தொட்டில வச்சிருக்கீங்களே டாக்டர், தார் எப்ப போடும்?"னு கேப்பாங்க. அது சாப்பிடுற வாழை இல்ல, கல்வாழை. பூங்காவுல சிவப்பும் மஞ்சளுமா பூக்குமே, அதையும் நாம கல்வாழைன்னுதான் சொல்றோம். அது வேற குடும்பம். இது பாறைச் சரிவுல தானா முளைக்கிற காட்டு வாழை, என்செட் சூப்பர்பம். அடி பானை மாதிரி பருத்திருக்கும். பழம் முழுக்கக் கறுப்பு விதை, கடிச்சா பல்லு போயிடும். அழகுக்கு மட்டும்தான் வளர்க்கிறது.

கொல்லிமலை போனப்ப அங்க ஒரு நர்சரியில நாத்தா வாங்கினேன். உங்களுக்கு ஆசை வந்தா நீங்களும் அப்படியே வாங்குங்க, காட்டுல தோண்டாதீங்க. மத்த வாழை மாதிரி இதுக்குப் பக்கக்கன்னு வராது. ஒரே ஒரு தடவை பூத்து, காய்ச்சு, செத்துடும். விதை விழுந்தாத்தான் அடுத்த தலைமுறை.

முதல் செடியை நானே கொன்னேன். ஜனவரியில இலை எல்லாம் பழுத்துத் தொங்குச்சு. தண்ணி பத்தலன்னு நினைச்சு காலையும் மாலையும் ஊத்தினேன். போதாததுக்கு நாமக்கல் நண்பர் அனுப்பின கோழி எருவை மக்க வைக்காம அப்படியே போட்டேன். பச்சை எரு வேரைப் பொசுக்கிடும்னு அப்ப தெரியாது. மூணு வாரத்துல அடி அழுகி கையோட வந்துடுச்சு.

அடுத்த வருஷம் ரெண்டாவது செடியும் அதே மாதிரி பழுத்துச்சு. நான் வாளியோட நிக்கும்போது பரமத்தி வேலூர் பக்கம் வாழை விவசாயம் பண்ற ஒரு ஐயா செக்கப்புக்கு வந்தார். (அவர் அனுமதியோடதான் எழுதறேன், அடையாளம் மாத்தியிருக்கேன்.) அவர் மச்சானுக்கு கொல்லிமலையில தோட்டம்.

"அது சாவலைங்க டாக்டர், தூங்குதுங்க. கோடை முடியட்டும், எழுப்பாதீங்க."

அதுதான் உண்மை. வறண்ட மாசங்கள்ல இது இலையை உதிர்த்துட்டுக் கிழங்கா கிடக்கும். அப்ப தண்ணி கிட்டத்தட்ட நிறுத்திடணும். மழை வந்து குருத்து விட்ட பிறகு தாராளமா ஊத்தலாம். செம்மண், மணல், நல்லா மக்குன தொழுவுரம் போதும். தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கணும். ஓரம் கருகாம இருக்க மேற்கு வெயிலைத் தவிருங்க. அப்புறம், அடித்தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க, டெங்கு கொசுவை நீங்களே வளர்த்த மாதிரி ஆயிடும்.

ஐயாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை, கிட்னி பாதிக்கு மேல போச்சு. "வாழைப்பழம், இளநீர் வேண்டாம்"னு சீட்டுலயே எழுதிக் குடுத்திருந்தேன். ஏப்ரல்ல ஒருநாள் ரெண்டு பேர் தாங்கிக் கூட்டிட்டு வந்தாங்க. கால்ல பலமே இல்ல. ஈசிஜி பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பொட்டாசியம் 7.2. அஞ்சைத் தாண்டக்கூடாது. உடனே கால்சியம் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டயாலிசிஸ் பண்ணி, பிழைச்சார்.

திரும்பி வந்தப்ப கேட்டேன்.

"பழந்தானுங்க வேண்டாம்னீங்க? வாழைத்தண்டு ஜூஸ் கிட்னிக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. பத்து நாளா வெறும் வயித்துல ஒரு டம்ளர்."

எனக்குப் பதில் இல்ல. என் சீட்டுல தண்டு இல்லவே இல்ல. வாழை விவசாயிகிட்ட வாழைத்தண்டைப் பத்திச் சொல்லாம விட்டது என் தப்பு.

அப்புறம் கேட்டேன், "ஐயா, வாழைக்கு என்ன உரம் போடுவீங்க?"

"யூரியா, பொட்டாஷ். பொட்டாஷ் இல்லாட்டி தார் திரளாதுங்களே."

"அந்தப் பொட்டாஷ்ல இருக்கிறதுதான் பொட்டாசியம். வாழை அதை உறிஞ்சி பழம், தண்டு எல்லாத்துலயும் வச்சுக்குது. நல்ல கிட்னி மிச்சத்தை ஒண்ணுக்குல தள்ளிடும். உங்க கிட்னி தள்ளாது. அது ரத்தத்துல தேங்கி நெஞ்சை நிறுத்திடும்."

கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். "அப்ப நான் பத்து நாளா பொட்டாஷ் கரைச்சுக் குடிச்சிருக்கேன்."

நான் அஞ்சு வருஷம் படிச்சு இவ்வளவு தெளிவா சொன்னதில்ல.

கிட்னி நல்லா இருக்கிறவங்க தண்டும் பழமும் தாராளமா சாப்பிடுங்க, பயப்பட ஒண்ணுமில்ல. கிரியாட்டினின் ஏறினவங்களுக்கு அந்த ஜூஸ் ஆபத்து. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை எடுத்தா பொட்டாசியம் இன்னும் ஏறும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. காய்கறியை நறுக்கி, நிறைய தண்ணில வேகவச்சு, அந்தத் தண்ணிய கொட்டினா ஓரளவு குறையும். கல்வாழை விதை கிட்னி கல்லைக் கரைக்கும்னு விக்கிறாங்க. அதையும் என்கிட்ட கேக்காதீங்க, முதல்ல ஸ்கேன் எடுங்க.

மே மாசக் கோடை மழைக்கு அப்புறம் தொட்டில விரல் அளவு குருத்து வந்துச்சு. ஐயாவுக்கு போட்டோ அனுப்பினேன். போன வாரம் வந்தார், பொட்டாசியம் 4.8. செடி இப்ப என் தோள் உயரம். இன்னும் பூக்கல.

"விதை வந்தா எனக்கு ரெண்டு எடுத்து வைங்க டாக்டர். திங்க முடியாத வாழை ஒண்ணாவது வீட்டு வாசல்ல நிக்கட்டும்"னார்.